முன்பணமா, முன்னேற்பாடா? வடசென்னையில் இறுதிச் சடங்குச் செலவும் தகன நடைமுறையும்

2022ஆம் ஆண்டு டெல்லி வர்த்தகக் கண்காட்சியில் இறுதிச் சடங்குச் சேவை நிறுவனம் ஒன்று அமைத்திருந்த அரங்கின் படம் நாடெங்கும் பரவியது. உயிரோடு இருக்கும்போதே தன் சாவுக்குத் தானே பணம் கட்டுவதா என்று அன்று முகம் சுளித்தவர்கள் பலர். அதே ஆண்டு ஜூலையில், சுடுகாட்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி வந்துவிட்டது என்றொரு செய்தி பரவி, ஒன்றிய அரசு மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. இரண்டு செய்திகளும் அடங்கிவிட்டன. அவை கிளப்பிய குழப்பம் அடங்கவில்லை. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் தனியாக வாழும் முதியவர்கள் தங்கள் கடைசிச் செலவு யாருக்கும் பாரமாகிவிடக் கூடாது என்று கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை மதிக்கத்தக்கது. ஆனால் அதற்கு விடை ஒரு நிறுவனத்திடம் முன்கூட்டியே பணம் கட்டுவதுதானா என்பதை, எதற்குச் செலவாகிறது, எதற்குச் செலவே இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

நான்கு சொற்கள், நான்கு பொருள்கள்

பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடும் நான்கு ஏற்பாடுகளை முதலில் பிரித்துக்கொள்வோம்.

1. முன்னேற்பாடு: தகனமா அடக்கமா, எந்த மயானம், யார் முன்னின்று நடத்துவது, ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்பவற்றைத் தீர்மானித்து வீட்டாருக்குத் தெரிவித்து வைப்பது. இதற்குப் பணமே தேவையில்லை.

2. முன்பணத் திட்டம்: எதிர்காலத்தில் செய்யப்போகும் சேவைக்காக ஒரு நிறுவனத்திடம் இன்றே மொத்தமாகவோ தவணையாகவோ பணம் கட்டுவது.

3. மரண நிதி: தெருவிலோ தொழிற்சங்கத்திலோ ஊர்ச் சங்கத்திலோ உறுப்பினர்கள் மாதாமாதம் சிறு தொகை போட்டு, ஓர் உறுப்பினர் வீட்டில் சாவு நேர்ந்தால் உடனடியாகக் கைப்பணம் கொடுப்பது. வடசென்னையில் இது பல தலைமுறைகளாக இருக்கும் பழக்கம்.

4. காப்பீடு: இறப்புக்குப் பின் வாரிசுதாரருக்கோ நியமனதாரருக்கோ (நாமினி) தொகை தருவது. ஆவணங்களைக் கொடுத்து, அவை சரிபார்க்கப்பட்ட பிறகே பணம் வரும். முதல் 24 மணி நேரத்தில் அது கைக்கு எட்டாது.

எதற்குக் கட்டணம் இல்லை

பலரும் அறியாத அடிப்படைச் செய்தி ஒன்று உண்டு. பெருநகர சென்னை மாநகராட்சியின் மயானங்களில் தகனத்துக்கோ அடக்கத்துக்கோ கட்டணம் கிடையாது. வடசென்னைக்குரிய திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய மண்டலங்களுக்கும் இது பொருந்தும். இந்தி எதிர்ப்புப் போரில் சிறை சென்று 1939இல் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் துயிலும் மூலக்கொத்தளம் மயானத்துக்கும் இதே விதிதான். பணம் கேட்டால் 1913 என்ற மாநகராட்சி எண்ணில் புகார் செய்யலாம். மயான உதவியாளருக்குக் குடும்பத்தார் மனமுவந்து கொடுப்பது வழக்கத்தில் இருக்கிறது. அது கட்டணம் ஆகாது, அதற்கு விலைப்பட்டியலும் இல்லை. அடுப்பின் வெக்கையில் நாள் முழுதும் நின்று, பிறர் தொடத் தயங்கும் வேலையைச் செய்யும் அவரைச் சாதிப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கத்தை நாம் விட்டாக வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலை வீட்டுக்கோ மயானத்துக்கோ கொண்டு செல்ல இலவச அமரர் ஊர்தி உண்டு. அதற்கான எண் 155377. ஸ்டான்லி மருத்துவமனை வாசலில் தனியார் வண்டிக்குப் பேரம் பேசத் தொடங்கும் முன் இந்த எண்ணை அழைத்துப் பார்ப்பது நல்லது. தனியார் மருத்துவமனையில் கட்டணப் பாக்கி இருப்பதைக் காரணம் காட்டி உடலைத் தர மறுப்பது, தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமை சாசனத்துக்கு எதிரானது.

ஜிஎஸ்டி குழப்பத்துக்கும் விடை எளிது. இறுதிச் சடங்கு, அடக்கம், தகனம், பிணவறை, உடலைக் கொண்டு செல்லுதல் ஆகிய சேவைகள் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கின்றன. அதாவது அவை வரி எல்லைக்குள்ளேயே வருவதில்லை. 2022இல் பேசப்பட்ட 18 சதவீதம், மயானக் கட்டடம் கட்டித்தரும் ஒப்பந்தப் பணிக்கு உரியது.

கிறித்தவர்களுக்கு நிலைமை வேறு. காசிமேடு கல்லறைத் தோட்டத்தை மாநகராட்சி நடத்தவில்லை, கல்லறை வாரியம் ஒன்று நடத்துகிறது. கட்டண விவரமும் இடம் கிடைப்பதும் அதன் விதிகளைப் பொறுத்தவை. பங்குக் கோவிலில் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். இசுலாமியர்களுக்குப் பள்ளிவாசல் ஜமாஅத் பொறுப்பேற்றுப் பெரும்பாலும் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுகிறது.

செலவு எங்கே பிறக்கிறது

மயானத்தில் கட்டணம் இல்லையென்றால் சாவு வீடுகள் கடனில் விழுவது எதனால்? வியாசர்பாடியின் ஒரு குறுக்குத் தெருவில் இரவு 2 மணிக்கு ஒருவர் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விடிவதற்குள் ஐஸ் பெட்டி வந்து இறங்கிவிடும். பந்தல் போட ஆள் வந்துவிடுவார். பிளாஸ்டிக் நாற்காலிகள் தெருவை நிறைக்கும். படத்தைக் கைப்பேசியில் வாங்கிக்கொண்டு போனவர் காலைக்குள் கண்ணீர் அஞ்சலி பேனரோடு திரும்புவார். மேளம், மரண கானா, பட்டாசு, பூப்பல்லக்கு, மாலைகள், வந்தவர்களுக்குத் தேநீர், பக்கத்து வீட்டில் சமைக்கும் சாப்பாடு என ஒவ்வொன்றும் அதனதன் போக்கில் வந்து சேரும். ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் சொல்லியிருப்பார். மைத்துனர் ஒன்று, நண்பர்கள் ஒன்று, சங்கத்தார் ஒன்று. விலை கேட்கும் மனநிலையில் அந்த வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார். மறுநாள் மாலை எல்லாரும் கணக்கோடு வந்து நிற்கும்போது, மொத்தம் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாமலேயே அடகுக் கடைக்கு நகை போயிருக்கும், அல்லது வட்டிக்குக் கொடுக்கும் தண்டல்காரரிடம் கை நீட்டியிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் பதினாறாம் நாள் காரியம்.

ஊரே திரண்டு வந்து ஒருவரை வழியனுப்பும் இந்தப் பண்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அது வடசென்னையின் பெருமை. வாழ்நாளெல்லாம் மூட்டை சுமந்தவரும் அந்த ஒரு நாள் பல்லக்கில் போகிறார். சிக்கல் சடங்கில் இல்லை. தீர்மானிப்பவர் பலராகவும் கொடுப்பவர் ஒருவராகவும் இருப்பதில்தான் இருக்கிறது. ஆகவே செலவுக்கு ஒரு வரம்பும், ‘சரி’ சொல்வதற்கு ஒரே ஒரு ஆளும் என முன்பே முடிவு செய்துவிட்டால், எந்த முன்பணத் திட்டமும் தராத அளவுக்குப் பணம் மிச்சமாகும்.

தகனம் நடக்கும் விதம்

எரிவாயு தகன மேடையைக் ‘கரண்ட்டு சுடுகாடு’ என்றே இன்றும் மக்கள் சொல்கிறார்கள். மின் தகனத்தில் கம்பிச்சுருள்கள் வெப்பம் தருகின்றன. எரிவாயு மேடையில் பர்னர்கள் அந்த வேலையைச் செய்கின்றன. குடும்பத்தார் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே நடப்பது இதுதான்.

1. அடுப்பின் உட்சுவர் வெப்பம் தாங்கும் செங்கல்லால் ஆனது. வெப்பநிலை ஏறத்தாழ 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை உயரும். உடலைத் தட்டில் கிடத்தித் தண்டவாளம் போன்ற சட்டத்தின் மீது தள்ளி உள்ளே அனுப்புகிறார்கள். கொள்ளி வைக்கும் சடங்கைப் பெரும்பாலும் அடுப்பு வாசலிலேயே, உடலின் மீது ஒரு கற்பூரத்தை ஏற்றி முடித்துவிடுகிறார்கள்.

2. மனித உடலில் பாதிக்கு மேல் நீர். அது ஆவியாகத்தான் தொடக்கத்தில் வெப்பம் செலவாகிறது. பிறகு கொழுப்பும் திசுக்களும் எரிகின்றன. உடலின் எடையைப் பொறுத்து ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம்.

3. இறுதியில் எஞ்சுவது விறகுச் சாம்பல் போன்றது அன்று. எலும்பிலுள்ள கால்சியம் பாஸ்பேட் எரியாது. வெளுத்து, தொட்டால் நொறுங்கும் துண்டுகளாக நிற்கும். பெரியவர் ஒருவருக்கு இது சுமார் 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். நீண்ட கம்பியால் அதை வாரித் தட்டில் ஆறவைத்து, மண்கலயத்தில் இட்டுத் தருகிறார்கள். கலயத்தைக் கையில் வாங்கும்போது அடிப்பாகம் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்.

4. புகை நேராக வெளியேறுவதில்லை. நீர் தெளித்துத் துகள்களைப் பிடிக்கும் அமைப்பின் வழியே சென்று உயரமான புகைபோக்கியில் ஏறுகிறது. வீடுகள் நெருங்கிய வடசென்னையில், திறந்தவெளிச் சிதையைவிட இம்முறை ஏற்றதாக இருப்பதற்கு இது முதன்மையான காரணம்.

விறகுச் சிதைக்கு ஓர் உடலுக்குப் பல நூறு கிலோ கட்டை வேண்டும். வரட்டி அடுக்கி, வைக்கோல் மூடி, மேலே சேறு பூசி எரிக்கும் நம்மூர் முறை வெப்பத்தை உள்ளேயே பூட்டி வைப்பதால் விறகு குறைவாகச் செலவாகும். ஆனால் முழுதும் எரிந்து ஆற மறுநாள் ஆகும். மறுநாள் பால் தெளித்துக் காடாற்றும் சடங்கும் அதற்கு ஏற்பவே அமைந்திருக்கிறது. எரிவாயு மேடையில் அன்றே அஸ்தி கைக்கு வந்துவிடுவதால், பல வீடுகளில் பால் தெளிப்பை அன்றே முடித்துக் காசிமேட்டிலோ எண்ணூரிலோ கடலில் கரைத்துவிடுகிறார்கள். ‘மறுநாள்தான் செய்ய வேண்டும்’ என்று பெரியவர்கள் நினைக்கும் வீடுகளில் மயான வாசலில் இது சண்டையாக வெடிப்பதுண்டு. வீட்டில் முன்பே பேசி வைக்க வேண்டிய செய்திகளில் இது முக்கியமானது.

உடலோடு உள்ளே போகக் கூடாதவற்றையும் அறிந்திருக்க வேண்டும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியின் மின்கலம் வெப்பத்தில் வெடிக்கும். அதை மருத்துவரிடம் சொல்லி முன்பே அகற்ற வேண்டும். கைப்பேசி, மூடிய பாட்டில், பிளாஸ்டிக் மாலை ஆகியவற்றுக்கும் இடமில்லை. இறந்தவருக்குப் பிடித்ததென்று அன்போடு வைக்கப்படும் பாட்டில் வெடித்தால் காயப்படுவது அடுப்பருகே நிற்கும் தொழிலாளிதான்.

முன்பணம் கட்டுவதன் பின்விளைவுகள்

மேல்நாடுகளில் முன்பணத் திட்டங்கள் பரவியதற்குக் காரணம், அங்கே தகனமே பெருஞ்செலவு. அமெரிக்காவில் 1984 முதல், ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி விலைப்பட்டியல் தர வேண்டும் என்ற விதி நடப்பில் உள்ளது. பிரிட்டனில் அப்படியொரு திட்டத்தை விற்ற நிறுவனம் 2022 மார்ச்சில் நொடித்துப் போக, பல்லாயிரம் முதியவர்களின் பணம் முடங்கியது. அவ்வாண்டு ஜூலை 29 முதல் அந்நாட்டின் நிதி நடத்தை ஆணையம் இத்துறையைத் தன் கண்காணிப்பில் எடுத்துக்கொண்டது. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டமோ தனி ஆணையமோ இல்லை. பொதுவான நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019தான் துணை.

இதில் உள்ள சிக்கல்கள் மூன்று.

1. காலம். செலவு ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். இன்றைய விலைக்கே சேவை செய்வோம் என்று ஒப்பந்தம் எழுதித் தராவிட்டால், கட்டியது பாதிச் செலவுக்குத்தான் காணும். எழுதித் தந்தாலோ, அந்த இழப்பைத் தாங்க நிறுவனத்துக்கு எங்கிருந்து பணம் வரும் என்ற கேள்வி எழும்.

2. இடம். மகன் வீட்டில் தங்கியிருக்கும்போது பெங்களூரில் உயிர் பிரிந்தால், சென்னை நிறுவனத்தின் கடமை என்ன?

3. சாட்சி. மற்ற எந்தச் சேவையிலும் பணம் கொடுத்தவரே தரத்தைச் சரிபார்க்கிறார். இதில் மட்டும் பணம் கொடுத்தவர் அன்றைக்குப் பேச முடியாது. நுகர்வோர் இறந்தால் அவருடைய சட்டப்படியான வாரிசு புகார் செய்யலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் திட்டம் ஒன்று இருப்பதே அந்த வாரிசுக்குத் தெரிந்திருந்தால்தான் அது பயன்படும்.

இவற்றையும் மீறி, துணையின்றி வாழும் ஒருவருக்கு முன்பணத் திட்டம் தேவைப்படலாம். அப்போது பணம் எந்தக் கணக்கில், யார் பொறுப்பில் வைக்கப்படுகிறது, இடையில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும், பந்தல் முதல் பூ வரை எவை அடங்கும் எவை அடங்கா என்பவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் தகனத்துக்கு ஒரு தொகை போட்டிருக்கிறார்களா என்றும் பட்டியலைப் பார்க்க வேண்டும். தகராறு வந்தால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

பணத்தை நம் கையிலேயே வைத்துக்கொள்ளும் வழிகள்

பெரும்பாலான வடசென்னைக் குடும்பங்களுக்கு நான் பரிந்துரைப்பது, அஞ்சலகத் தொடர் வைப்பும் ஒரு கூட்டு வங்கிக் கணக்கும்தான். மாதம் 500 ரூபாய் வீதம் 5 ஆண்டு கட்டினால் போட்ட பணம் 30,000, 6.7 சதவீத வட்டியில் அது ஏறத்தாழ 35,700 ரூபாயாக முதிரும். அதை ‘இருவரில் எவரேனும் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறையில் மனைவியோடோ மகளோடோ திறந்த கூட்டுக் கணக்கில் போட்டு வைத்தால், அவர் அன்றைக்கே எடுக்கலாம். இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. தனிக் கணக்கு வைத்திருப்பவர் இறந்தபின் அவருடைய ஏடிஎம் அட்டையில் பணம் எடுப்பது, வீட்டுப் பிள்ளையே எடுத்தாலும், முறையாகாது. வாரிசுகளுக்குள் வழக்கு வந்தால் அதுவே குற்றச்சாட்டாகிவிடும். நியமனதாரர் பெயர் இருந்தாலும் இறப்புச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம்.

உரிமையாக வர வேண்டிய தொகைகளையும் விட்டுவிடக் கூடாது. மணலியிலும் எண்ணூரிலும் ஆலைகளில் வேலை பார்ப்பவர் ஈஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் காப்பீடு பெற்றவராக இருந்து இறந்தால், ஈமச்செலவுக்கு 15,000 ரூபாய் வரை கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கட்டுமானம் முதலிய அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியங்களிலும் ஈமச்சடங்கு உதவி உண்டு; உறுப்பினர் அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பார்க்க வேண்டும். மீனவர்களும் தங்கள் நல வாரியப் பதிவை அவ்வாறே சரிபார்த்துக்கொள்ளலாம். பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டில் ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் காப்பு கிடைக்கிறது. ஆனால் 50 வயதுக்குள் சேர வேண்டும், 55 வயதோடு முடிந்துவிடும் என்பதால் முதியவருக்கு அது பயன்படாது.

தெரு மரண நிதியின் பலம் அதன் வேகம். நள்ளிரவிலும் பணம் வரும். அதன் பலவீனம், கணக்கு ஒருவர் நோட்டில் மட்டும் இருப்பது. இருவர் கையெழுத்தோடு வங்கிக் கணக்கில் போட்டு, மாதம் ஒருமுறை இருப்பைத் தெருவாருக்கு வாசித்துக் காட்டும் சங்கத்தை நம்பலாம்.

தாளில் எழுத வேண்டியவை

வீட்டில் இயற்கையாக இறந்தவருக்குத் தகனத்தைத் தாமதப்படுத்துவது பெரும்பாலும் பணம் அன்று, சான்றுதான். கடைசியாகச் சிகிச்சை அளித்த மருத்துவர் இறப்பின் காரணத்தைக் குறித்துப் படிவம் 4ஏ தர வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் அது படிவம் 4. இச்சான்றுக்குக் கட்டணம் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. நோயாளியைப் பார்த்தே இராத மருத்துவர் நள்ளிரவில் வந்து கையெழுத்திடத் தயங்குவது இயல்பு. ஆகவே படுக்கையில் இருக்கும் முதியவரை, அருகிலுள்ள ஒரே மருத்துவர் அவ்வப்போது பார்த்து வருமாறு செய்து, மருத்துவச் சீட்டுகளை ஒரே உறையில் வைத்திருக்க வேண்டும். விபத்து, தற்கொலை, சந்தேகம் ஆகியவை இருந்தால் காவல்துறை விசாரணையும் உடற்கூறாய்வும் முடியும்வரை தகனம் செய்யக் கூடாது.

இறப்பை 21 நாட்களுக்குள், இறந்த இடத்துக்குரிய அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இருப்பிடம் எது என்பது இங்கே கணக்கில் வராது. ஓராண்டுக்கு மேல் தாமதமானால் நிர்வாக நடுவரின் உத்தரவு வரை அலைய நேரும். பெயரின் எழுத்து ஆதாரில் உள்ளபடியே பதிவாகிறதா என்று அன்றே பார்த்துவிட்டால், பின்னர் ஓய்வூதியத்துக்கும் காப்பீட்டுக்கும் திருத்தம் கேட்டு நடக்க வேண்டியதில்லை.

விருப்பங்களை உயிலில் எழுதினால் அது பிரிக்கப்படும் நாளில் காரியமே முடிந்திருக்கும். தனித்தாளில் எழுத வேண்டும்: தகனமா அடக்கமா; எந்த மயானம்; செலவின் உச்ச வரம்பு; ‘சரி’ சொல்லும் அந்த ஒருவரின் பெயர்; மேளமும் பட்டாசும் வேண்டுமா; பேஸ்மேக்கர் இருக்கிறதா; கண்தானம் என்றால் 6 மணி நேரத்துக்குள் யாரை அழைப்பது. உடல்தானம் செய்ய விரும்புபவர் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் முன்பே பதிவு செய்து, அந்த ஒப்புகைச் சீட்டையும் சேர்த்து வைக்க வேண்டும். உடற்கூறாய்வு நடந்த உடலை அவர்கள் ஏற்பதில்லை என்பதால், மாற்று விருப்பம் ஒன்றையும் அதன் கீழே எழுத வேண்டும்.

இந்தத் தாளுக்கு இரண்டு பிரதிகள் போதும். ஒன்று குடும்ப அட்டை இருக்கும் பையில். மற்றொன்று, வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் இல்லாமல், கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வந்து சேரக்கூடிய பக்கத்துத் தெருக்காரர் ஒருவரிடம்.